சீன மரபிசையும் 808 பேஸும்: குசெங்கை மேலே ஒட்டினால் வேலை முடிந்ததா?

மிக்ஸர்மாணிக்கம் | வியாழன், இரவு 11:08

போன மாதம் ஒரு குறும்படத்துக்கு "கொஞ்சம் சைனீஸ் ஃபீல்" வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். 140 டெம்போ, பாதி வேகத்தில் டிரம்ஸ், கீழே 808 பேஸ் (808 என்ற டிரம் மெஷினின் ஆழமான அடி ஒலி), மேலே சாம்பிள் பேக்கிலிருந்து (முன்பே பதிவு செய்த ஒலிகளின் தொகுப்பு) எடுத்த ஒரு குசெங் சறுக்கல் (குசெங் என்பது சீனத் தந்தி வாத்தியம்). மெட்டு ஐந்து சுரத்தைத் தாண்டவில்லை. இருபது நிமிட வேலை. கேட்டவர்கள் சூப்பர் என்றார்கள். எனக்கு மட்டும் ஃப்ரைட் ரைஸ் கடை மெனு அட்டையில் டிராகன் வரைந்துவிட்டு வந்தது போல இருந்தது.

அந்த உறுத்தலில் மூன்று வாரமாக இதே வகைப் பாட்டுகளாகக் கேட்டுத் தள்ளினேன். பாதிக்கு மேல் என் டிராக்கைப் போலத்தான் இருக்கின்றன. ஆனால் சில பாட்டுகள் அப்படி இல்லை. உதாரணத்துக்கு வாவா என்ற பெண் ராப்பரின் 'மை நியூ ஸ்வாக்' (2017). 'கிரேஸி ரிச் ஏசியன்ஸ்' படம் பார்த்தவர்கள் கேட்டிருப்பீர்கள். ராப் ஓடிக்கொண்டிருக்கையில் நடுவே பெய்ஜிங் ஆப்பெரா குரல் ஒன்று நுழையும். 'மாய் ஷுவெய்' என்ற பழைய ஆப்பெராவின் பகுதி அது. காலையில் எழுந்து எந்தக் கண்ணாடியில் முகம் பார்ப்பது, தலைக்கு எந்தப் பூ, முகத்துக்கு எந்தப் பூவின் பொடி என்று அடுக்கிக்கொண்டே போகும். ராப்பர் ஸ்வாக் என்று அலட்டிக்கொள்வதும் அதைத்தானே? இரண்டும் ஒரே பேச்சைப் பேசுவதால் தையல் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். எது ஒட்டுகிறது, எது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது? வாத்தியமா, ராகமா, தாளமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

-----

சுரக்கோடு | வியாழன், இரவு 11:51

ராகம் இல்லை. அதை முதலில் கழித்துவிடலாம்.

சீனர்களின் ஐந்து சுரம் கோங், ஷாங், ஜுவே, ஜி, யூ. நம் கணக்கில் ஸ ரி2 க3 ப த2. அதாவது மோகனம். கோங்கை ஆதாரமாக வைக்காமல் ஷாங்கை வைத்தால் மத்தியமாவதி, ஜுவேயை வைத்தால் இந்தோளம், ஜியில் சுத்த சாவேரி, யூவில் சுத்த தன்யாசி. நம்மவர்கள் கிரக பேதம் என்று கச்சேரியில் காட்டிக் கைதட்டல் வாங்குவதை அவர்கள் ஐந்து முறைகளாக ஆதியிலிருந்தே வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலிலும் இதே ஐந்து சுரம் உண்டு. ஆக, வெறும் சுரங்களை எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது மோகனத்தில் ஒரு டிராப் (808 அடியில் ஓடும் ராப் பாணி), அவ்வளவே. அதைச் சீனமாக்குவது குசெங்கின் ஒலி மட்டும்தான். மெனு அட்டை டிராகன் அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்று, கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது). ஜியாங்நான் பகுதியின் 'சீசூ' இசையில் (பட்டும் மூங்கிலும் என்று பொருள், நரம்பு வாத்தியம், குழல்) எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிப்பார்கள். ஆனால் எர்ஹூ என்ற இரு தந்திப் பிடில் ஒரு விதமாக இழைக்கும், பீபா என்ற மீட்டு வாத்தியம் ஒரு விதமாகத் தெறிக்கும், டீசி குழல் வேறு விதமாகச் சுற்றும். ஒரே கயிற்றின் பல புரிகள். அதற்கு அடியில் நான்கு கார்டை வைத்துச் சுற்றினால் புரிகள் எல்லாம் தட்டையாகிவிடும். நீங்கள் கார்டு போட்டீர்களா?

-----

மிக்ஸர்மாணிக்கம் | வெள்ளி, காலை 7:20

போட்டேன் சார். நான்கு கார்டு. லூப்.

-----

பழையரிக்கார்டு | வெள்ளி, காலை 9:34

"எது அசல்" என்ற பேச்சு இங்கே தொடங்குவதற்கு முன்னால் நான் குறுக்கே விழுந்துவிடுகிறேன்.

எர்ஹூ என்றாலே ஆயிரம் ஆண்டு அழுகை என்று நினைக்கிறோம். இன்று மேடையில் கேட்கும் எர்ஹூ வாசிப்புக்கு அடித்தளம் போட்டவர் லியூ தியான்ஹுவா (1895–1932). அவர் வயலினும் கற்றவர். வயலினின் விரல் நகர்வு, அதிர்வு எல்லாவற்றையும் எர்ஹூவுக்குக் கொண்டுவந்தார். பட்டு நரம்பு போய் எஃகுத் தந்தி வந்தது 1950-களில். நாம் 'மரபு' என்று சாம்பிள் எடுக்கும் ஒலியே ஒரு கலவைதான்.

பாப் பக்கம் வந்தால் இன்னும் பழையது. 1920-களின் இறுதியில் ஷாங்காயில் லி ஜின்ஹுய் என்பவர் சீன நாட்டுப்புற மெட்டையும் ஜாஸையும் சேர்த்துப் பாட்டு போட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின டிரம்பெட் கலைஞர் பக் கிளேட்டன் 1934 முதல் இரண்டு ஆண்டு அங்கேதான் வாசித்தார். பெரிய நடன அரங்கில் வேலை போனபிறகு, சீன ரசிகர்கள் வரும் இடத்தில் சீனப் பாட்டுகளைக் கற்று வாசிக்க வேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அங்கிருந்து திரும்பிப் போய்த்தான் கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். கறுப்பின இசையும் சீன மெட்டும் சந்தித்தது 808 வந்த பிறகு இல்லை ஐயா, அதற்கு அரை நூற்றாண்டு முன்னால்.

லி ஜின்ஹுய்க்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? அவர் இசைக்கு 'மஞ்சள் இசை' என்று பட்டம். அந்த ஊரில் மஞ்சள் என்றால் ஆபாசம். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில், 1967-ல் இறந்தார்.

ஆகவே கலப்பது பற்றி யாரும் வருத்தப்பட வேண்டாம். நன்றாகக் கலந்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

-----

மிக்ஸர்மாணிக்கம் | வெள்ளி, மதியம் 1:15

பழையரிக்கார்டு அண்ணே, நான் கலப்படம் கூடாது என்று சொல்லவே இல்லையே! நன்றாகக் கலப்பது எப்படி என்றுதான் கேட்கிறேன். தைவான் பாடகர் ஜே சௌ 2003-ல் 'தோங் ஃபெங் போ' போட்டார். மெதுவான ஆர்&பி, கூடவே பீபா, எர்ஹூ. வின்சென்ட் ஃபாங் எழுதிய வரிகள் பழைய கவிதைச் சாயலில் போகும். அது கார்டு போட்ட பாட்டுதான். அப்படியும் ஒட்டுகிறது. அப்புறம் வந்த நூறு பேர் அதே சமையல் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு செய்தார்கள், ஒட்டவில்லை. ஏன்?

-----

கஞ்சிராக்காரன் | வெள்ளி, இரவு 10:02

தம்பி, எல்லோரும் மெட்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். தாளத்தின் பக்கம் ஒருவரும் வரவில்லை. நான் வருகிறேன்.

நான் பெய்ஜிங் ஆப்பெராவை முதன்முதலில் கேட்டது தாளவாத்தியக்காரர்களுக்கான ஒரு பட்டறையில். வந்திருந்த ஆசிரியர் வாத்தியத்தைத் தொடவே இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தார். பெரிய லுவோவுக்கு (காங் என்போமே, அது) 'ட்ஸாங்'. சிறிய லுவோவுக்கு 'தாய்'. தாளத்தட்டுக்கு 'ட்ஸாய்'. இந்தச் சொற்களுக்கு லுவோகு ஜிங் என்று பெயர். அச்சு அசல் நம் சொற்கட்டு. வாயில் வந்தால்தான் கையில் வரும் என்ற அதே பாடம். கோங் லின்னா என்ற பாடகியின் 'தான் தெ' 2010-ல் இணையத்தைக் கலக்கியதே, நினைவிருக்கிறதா? அர்த்தமே இல்லாத எழுத்துகளைக் கண்ணை உருட்டிக்கொண்டு பாடுவார். எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்கு அது கொன்னக்கோல் கேட்ட மாதிரி இருந்தது.

இப்போது உன் 808-க்கு வருகிறேன். ஆப்பெராவின் பெரிய லுவோவை அடித்தால் சுருதி அடித்த இடத்தில் நிற்காது. கீழே சரியும். சிறிய லுவோவை அடித்தால் மேலே ஏறும். இரண்டையும் மாறி மாறி அடிக்கும்போது ஒரு கேள்வியும் ஒரு பதிலும் மாதிரி இருக்கும். டிராப் பாட்டில் 808 என்ன செய்கிறது? அதுவும் சரிகிறது. கிளைட் என்று நீங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். கீழே சரியும் இந்த இரண்டையும் ஒரே புள்ளியில் இறக்கிப் பார். எந்த அளவில் சரிகின்றன, எங்கே நிற்கின்றன என்று பொருத்தினால் போதும், குசெங்கே தேவைப்படாது.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது. ஆப்பெராவில் 'யாவ்பான்' என்று ஒரு நடை. பின்னால் கட்டையும் பிடிலும் வேகமாக, சீராக, ஓடிக்கொண்டே இருக்கும். மேலே பாடுகிறவர் தாளத்துக்கு அடங்காமல், தன் பாட்டுக்கு நீட்டி நெளித்துப் பாடுவார். "அடி நெருக்கம், பாட்டு நிதானம்" என்பது அவர்கள் சொலவடை. கண்ணை மூடிக்கொண்டு யோசி. படபடவென்று ஓடும் ஹை-ஹாட் தட்டு, அதற்கு மேலே சோம்பேறியாக மிதக்கும் குரல். டிராப் என்கிறீர்களே, அதன் உடம்பு இதுதான்.

-----

மிக்ஸர்மாணிக்கம் | சனி, அதிகாலை 2:47

தூக்கம் போச்சு. நன்றி அண்ணே.

பெரிய லுவோவின் ஒரு நல்ல ரிக்கார்டிங் கிடைத்தது. 808-இன் சரிவை அதன் நீளத்துக்குப் பொருத்தினேன். முதலில் குழம்பியது, ஏனென்றால் லுவோவின் ஒலி நடு அலைவரிசையை அப்படியே அடைத்துக்கொள்கிறது. அதில் கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு 808-ஐ அந்த இடத்தில் உட்கார வைத்ததும் இரண்டும் ஒரே வாத்தியமாகிவிட்டன. உலோகத் தலை, ரப்பர் உடம்பு. பக்கத்து அறையிலிருந்து அம்மா எழுந்து வந்து "என்னடா விழுந்தது" என்று கேட்டார்கள்.

-----

ஈப்போவாசி | சனி, காலை 10:30

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சீனர்கள் பெரும்பாலும் கான்டனீஸ் பேசுபவர்கள், எங்கள் வரிசை வீடுகளிலும் பாதிப் பேர் சீனர்கள். மாணிக்கம் தம்பி மூன்று வாரம் தேடிக் கேட்டதை நாங்கள் தேடாமலேயே கேட்டு வளர்ந்தோம். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், பசித்த ஆவிகளின் மாதம். மேடை போட்டு 'கெத்தாய்' என்ற பாட்டுக் கச்சேரி நடக்கும். முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும், அது ஆவிகளுக்கு. மேடையில் ஹொக்கியன் என்ற சீன மொழிப் பாட்டு டெக்னோ அடியில் போகும், பளபள உடையில் பாடுவார்கள். பக்கத்துக் கோயிலில் ஆப்பெரா லுவோ சத்தம். இரண்டும் காதில் ஒன்றாக விழும். யாரும் அதை ஃபியூஷன் என்று சொல்ல மாட்டார்கள். ஆவிகளும் புகார் சொன்னதில்லை.

சுவோனா பற்றி ஒரு வார்த்தை, நம் நாதஸ்வரம் போன்ற குழல் அது. அந்த ஊதல் கேட்டால் ஒன்று கல்யாணம், இல்லை சாவு என்று சீன நண்பர்கள் ஜோக் அடிப்பார்கள். அதை பீட்டில் போட்டுவிட்டு "மிரட்டலாக இருக்கிறது" என்று வெளியூர்க்காரர்கள் மகிழும்போது, அவர்களுக்குச் சிரிப்பு வரும். நம் ஊர் நாதஸ்வரத்தையும் சாவுப் பறையையும் தெரியாத ஒருவன் ஒரே லூப்பில் போட்டால் நமக்கு எப்படியோ, அப்படி.

நான் சொல்ல வந்தது மொழி. சீன மொழிகளில் சுருதி மாறினால் பொருள் மாறும். மாண்டரினில் நான்கு தொனி, கான்டனீஸில் ஆறு. கான்டனீஸ் பாட்டில் மெட்டும் சொல்லின் தொனியும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வேறு சொல்லாகக் கேட்கும். அதனால் அங்கே மெட்டை முதலில் போட்டு, தொனி பொருந்தும் சொல்லைத் தேடித் தேடி எழுதுவார்கள். மாண்டரின் பாட்டில் தொனியைக் கண்டுகொள்ள மாட்டார்கள், மெட்டு விழுங்கிவிடும். ராப் வந்ததும் என்ன ஆயிற்று? ராப் பேச்சு. பேச்சில் தொனி திரும்பி வந்துவிட்டது. சொல்லே மெட்டாகிறது. செங்டூவின் ஹையர் பிரதர்ஸ் என்ற ராப் குழு சிச்சுவான் பேச்சில் ராப் பண்ணும்போது அடியில் சீன வாத்தியம் இல்லாமல் வெறும் டிராப் ஓடினாலும் எனக்கு அது சீன இசையாகத்தான் கேட்கிறது. தொனி ஏறி இறங்குவதே ஒரு வாத்தியம்.

-----

சுரக்கோடு | சனி, மதியம் 12:12

ஈப்போவாசி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மூங்கில் தட்டைகளைக் கையில் குலுக்கிக்கொண்டு எதுகையோடு வேகமாகக் கதை சொல்லும் 'குவாய்பான்' வடசீனாவில் உண்டு. ஆப்பெராக்காரர்களும் கதைசொல்லிகளும் எதுகைக்கென்று 13 வகுப்புகள் வைத்திருக்கிறார்கள். "ராப் எங்களிடம் எப்போதோ இருந்தது" என்று சீன இணையத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சண்டை நடக்கும். எனக்கு அந்தப் பெருமை பிடிக்காது. ராப் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்தது, அவ்வளவுதான். ஆனால் 13 எதுகை வகுப்பு இன்று எழுதுகிறவனுக்கு உதவும் கருவி என்பது உண்மை.

-----

கறார்பேச்சு | சனி, இரவு 8:40

எல்லோரும் லுவோ, தொனி என்று உருகுகிறீர்கள். அரசியலை ஒருவரும் தொடவில்லையே?

2017-ல் சீனாவின் முதல் பெரிய ராப் போட்டி நிகழ்ச்சியில் காய் (ஆமாம், மேடைப் பெயரே அதுதான், சோங்சிங்கில் ராப் செய்து வளர்ந்தவர்), பிஜி ஒன் என்ற இருவரும் சேர்ந்து பட்டம் வென்றார்கள். 2018 ஜனவரியில் ஹிப்-ஹாப் கலாச்சாரத்தையும் பச்சை குத்தியவர்களையும் திரையில் காட்டாதே என்று அரசு உத்தரவு. காய் அப்போது பாடிக்கொண்டிருந்த வேறொரு தொலைக்காட்சிப் போட்டியிலிருந்து காணாமல் போனார். அதே கோடையில் ராப் போட்டியின் இரண்டாம் பருவம் வந்தது. சீனப் பெயரில் இருந்த 'ஹிப்-ஹாப்' என்ற சொல் போய் 'ஷுவோசாங்' வந்து உட்கார்ந்தது. ஷுவோசாங் என்றால் 'பேசிப் பாடுவது'. பழைய கதைசொல்லிக் கலைகளுக்கு வழங்கும் சொல்.

இதைப் பார்த்தபிறகு ஒரு ராப்பர் திடீரென்று குசெங்கோடும் சீனப் பெருஞ்சுவரோடும் வந்து நின்றால், அவர் மரபைத் தேடிப் போனாரா, குடை தேடிப் போனாரா என்று நான் கேட்பேன். சந்தையும் சேர்ந்துகொண்டது. 'குவோசாவ்' என்று உள்நாட்டு ஃபேஷன் அலை. டிராகன் போட்ட ஹூடி, டிராகன் போட்ட பாட்டு. மாணிக்கம் சொன்ன மெனு அட்டையை வெளிநாட்டுக்காரன் மட்டும் அச்சடிக்கவில்லை.

-----

பழையரிக்கார்டு | சனி, இரவு 9:55

கறார்பேச்சு எழுதியது: "மரபைத் தேடிப் போனாரா, குடை தேடிப் போனாரா"

கேள்வி சரி. ஆனால் காய் விஷயத்தில் காலக் கணக்கு இடிக்கிறதே. உத்தரவுக்கு முன்னால், 2017 போட்டியிலேயே அவர் 'சாங்ஹாய் யீ ஷெங் ஷியாவ்' பாட்டை எடுத்துத் தன் ராப்போடு பாடிவிட்டார். 1990-ல் ஒரு ஹாங்காங் வாள்சண்டைப் படத்துக்கு ஜேம்ஸ் வோங் போட்ட மெட்டு அது. ஐந்து சுரத்தையும் மேலிருந்து கீழாக, யூ ஜி ஜுவே ஷாங் கோங் என்று, படிக்கட்டில் இறங்குவது போல இறக்கினார். ஒரு குழந்தைகூட வாசித்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டுதான் காய் கர்ஜித்தார். நாடோடி வீரனின் பாட்டும் தெருப் பையனின் ராப்பும் ஒரே திமிர். மாணிக்கம் வாவா பாட்டில் பார்த்த பொருத்தம் இங்கேயும் இருக்கிறது. அப்புறம் அவர் பாடிய தேசப்பற்றுப் பாட்டுகளைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் நான் மறுக்கப்போவதில்லை.

வெளிநாட்டு மெனு அட்டைக்கும் ஒரு கதை உண்டு. 2000-களின் தொடக்கத்தில் லண்டனில் கிரைம் இசை (grime, அந்த ஊர் ராப் வகை) செய்த பையன்கள் சின்தசைசரில் இருந்த 'சீனப் புல்லாங்குழல்' ஒலியையும் குங்ஃபூ படங்களையும் வைத்து நடுங்க வைக்கும் டிராக்குகள் செய்தார்கள். கோட்நைன் என்ற டிஜே 2005-ல் அதற்குச் 'சைனோகிரைம்' என்று பெயர் வைத்தார். அதில் சீனாவே கிடையாது. கற்பனைச் சீனா. ஆனாலும் என் கணக்கில் அவை நல்ல இசை. இன்னொரு முனையில் பெய்ஜிங்கின் எலக்ட்ரானிக் இசைக்காரர் ஹௌவி லீ. லண்டனில் படித்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய 'பர்டி ஐலண்ட்' (2021) கேளுங்கள். சீன வாத்தியம் வரும், ஆனால் "பார், நான் சீனம்" என்று கையை ஆட்டாது. எது வாத்தியம், எது கம்ப்யூட்டர் என்று பிரிக்க முடியாமல் நனைந்து கிடக்கும்.

-----

சுரக்கோடு | ஞாயிறு, காலை 8:05

நனைவது என்றதும் சுருதி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாணிக்கம், இது உங்கள் சாம்பிள் பேக்குக்கு நேரடியாகப் பொருந்தும்.

பழைய டீசியிலும் சுவோனாவிலும் துளைகள் சம இடைவெளியில் இருக்கும். வரும் சுரங்கள் கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவே விழும். சௌஜோ பாணிக் குசெங்கில் இடதுகை அழுத்தும்போது நிற்கிற சில சுரங்களும் அப்படித்தான். சென்ற நூற்றாண்டில் மேடை ஆர்கெஸ்ட்ராவுக்காக இவற்றைக் கீபோர்டுக்கு இணங்கச் செப்பனிட்டார்கள். சாம்பிள் பேக் அதை இன்னும் ஒரு சுற்று இஸ்திரி போட்டது. கடைசியில் நீங்கள் ஆட்டோடியூன் (சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருள்). மூன்று முறை துவைத்த துணியில் சாயம் எங்கே இருக்கும்?

இதில் வேடிக்கை, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரிக்கும் கணக்கைத் துல்லியமாகப் போட்டு 1584-ல் எழுதியவரே சீனர்தான். மிங் வம்சத்து இளவரசர் ஜு ஜாய்யூ. ஊரில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

-----

ஈப்போவாசி | ஞாயிறு, காலை 9:18

இளவரசருக்கே அந்த நிலைமை என்றால் குறும்பட இசையமைப்பாளருக்கு என்ன :)

-----

மிக்ஸர்மாணிக்கம் | செவ்வாய், இரவு 11:36

இரண்டாவது வடிவம் முடித்துவிட்டேன். கார்டு எல்லாம் தூக்கியாயிற்று. எர்ஹூவை ஆட்டோடியூனிலிருந்து காப்பாற்றி, சறுக்கல்களை அப்படியே விட்டேன். டீசியும் எர்ஹூவும் ஒரே மெட்டைக் கொஞ்சம் முன்பின்னாக வாசிக்கின்றன. அடியில் ஹை-ஹாட் யாவ்பான் மாதிரி ஓடுகிறது. லுவோவும் 808-உம் ஒரே அடி. சிறிய லுவோவை ஒவ்வொரு எட்டாவது பாரின் முடிவில் மட்டும் வைத்தேன், மேலே ஏறிவிட்டு அந்தரத்தில் நிற்கிறது. குசெங் இல்லவே இல்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது, ரொம்ப நாளுக்குப் பிறகு.

டைரக்டருக்குப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். தலையாட்டினார். அப்புறம் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா சைனீஸ் எங்கே?"

கேள்வி அவருடையது மட்டும் இல்லை, பார்க்கிறவர்களும் அதையே கேட்பார்கள் என்பதுதான் சங்கடம். டைட்டில் வரும் நான்கு நொடிக்கு மட்டும் குசெங் சறுக்கல் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

-----

கறார்பேச்சு | செவ்வாய், இரவு 11:52

நான்கு நொடி டிராகன். போகட்டும்.

-----

கஞ்சிராக்காரன் | புதன், காலை 6:10

திட்டவில்லை தம்பி. ஃபைலை அனுப்பு. டைட்டில் முடிந்து ஹை-ஹாட் நுழையும் இடத்தில் லுவோ ஒரு இழை முந்துகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது, நீ எழுதியதைப் படிக்கும்போதே. கேட்டுவிட்டு வாயால் சொல்லி வாய்ஸ் நோட் போடுகிறேன், அதை வைத்து நகர்த்திக்கொள்.